தெருப்பக்கத்து நீலம்

ஆந்திரா பிரிந்த புதிது. சித்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெரியவரும், வெள்ளையடிக்கும் மேஸ்திரியும்.

"உள்ள எந்த கலர் வேணா அடி மேஸ்திரி. வெளிய மட்டும் பழைய நீலந்தான்."

"பொண்ணு கல்யாணங்க. வெளிய மஞ்சள்னா எடுப்பா இருக்கும். கதவுக்கு வார்னிஷ் போட்டுடலாம்."

"வார்னிஷ் போட்டுக்கோ. சுவரு நீலம்."

"சுண்ணாம்புல கலக்கற நீலம் மழைக்கு நிக்காதுங்க."

"தெரியும். வருசா வருசம் அடிச்சிக்கினுதான் இருக்கேன்."

பஸ் நின்றது. ஊர்ப் பலகையில் தமிழை அழித்துத் தெலுங்கில் எழுதியிருந்தார்கள். பெரியவர் அதையே பார்த்தார்.

"என் பெரிய பையன் ஆறு வயசுல திருப்பதிக் கூட்டத்துல தொலஞ்சிட்டான். ஊர் பேர சொல்லிக் குடுக்காம, யாரு கேட்டாலும் நீல வூடுன்னு சொல்லுடான்னு சொல்லி இட்டுகினு போனேன். இப்ப ஊர் போர்டையும் மாத்திட்டாங்க. சுவத்த நானே மாத்தறதா?"

பஸ் கிளம்பியதும் மேஸ்திரி சொன்னார்.

"தெருப்பக்கம் மூணு கோட்டா அடிச்சிடறேன் நைனா."