நான்கு மாதத்தில் பொரியும்

கிள்ளானில் என் வீட்டு வாசலில் இரண்டு கொய்யா மரங்கள் நிற்கின்றன. குச்சிப்பூச்சிக்குக் கொய்யா இலை என்றால் உயிர். இயற்கை அன்பர் கழகத்துக்கு என்னைத் தலைவராக்கியபோது வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைவரானால் புத்தகம் எழுத வேண்டும். எழுதினேன். குச்சிப்பூச்சி முட்டை நான்கு மாதத்தில் பொரியும் என்று அதில் போட்டேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். நான்கு என்பது அச்சில் பார்க்க நன்றாக இருந்தது.

லோகேஸ்வரி பள்ளி ஆய்வகத்தில் வேலை செய்பவர். பதினோரு ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாகக் குச்சிப்பூச்சி வளர்த்தவர். வளர்ந்தவை எல்லாம் செத்துப்போய், ஐஸ்கிரீம் டப்பாவில் மண்மேல் நாற்பத்தொரு முட்டைகள்தாம் அவருக்கு மிச்சம். இட்ட சூடு ஆறுமுன் விழாவுக்கென்று கேட்டு வாங்கினேன்.

"தேதியெல்லாம் குறிக்காதீங்க அங்கிள். ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகும். அதுங்க என்ன, காலண்டரா பாக்குதுங்க?"

நான் பார்த்தேன். நான்காம் மாத முடிவில், பஞ்சாங்கமும் சிறப்பு விருந்தினரான டத்தோவின் டைரியும் ஒத்துவந்த ஒரு ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் 'பொரிப்பு விழா' என்று அழைப்பிதழ் அடித்தேன்.

டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். முட்டைகள் அசையவில்லை. நாற்பது நிமிடம் உரையாற்றினேன். அப்போதும் அசையவில்லை.

"தலைவர் பேச்சுல முட்டையே தூங்கிருச்சு லா," என்றார் பின்வரிசையில் கழக உறுப்பினர் பரமேஸ்வரன். டத்தோ கறிபாப் தின்றுவிட்டுப் போனார்.

டப்பா என் அலமாரிக்குப் போனது. இரண்டாம் பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: நான்கு மாதத்தில் பொரியாதவை மலட்டு முட்டைகள்.

ஏழாம் மாதம், அந்தப் பதிப்பின் வெளியீட்டுக்கு முதல் நாள் காலை, டப்பாவைத் திறந்தேன். நூல் மாதிரி ஒரு குஞ்சு, காலில் மாட்டிய முட்டை ஓட்டை இழுத்துக்கொண்டு விளிம்பில் ஏறியது. அழகாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு, தம் முட்டையின் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தன.

கெட்டிலில் தண்ணீர் கொதித்திருந்தது. டப்பா நிறைய, சிந்தாமல் ஊற்றினேன். ஆறியதும் வடித்து, அந்த மூன்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றைத் துணியில் ஒற்றிப் புது மண்ணில் அடுக்கி, மறுவாரம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

லோகேஸ்வரி எண்ணினார். மூன்று குறைந்தது.

"எறும்பும்மா," என்றேன்.

முட்டையிட்டு இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கிறார். போன வாரம்கூடக் கூப்பிட்டார்.

"இன்னும் டைம் இருக்கு அங்கிள். ஒண்ணாச்சும் வந்துரும்."

தைரியம் சொன்னேன். இப்படிப்பட்டவரைக் கௌரவிக்க எங்கள் சமூகத்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் பதிப்பை அவருக்கே சமர்ப்பிக்கிறேன். திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.