வெயில் படக்கூடாத அறை

என் பெயர் சம்யுக்தா, தகப்பனார் பெயர் அனந்தகிருஷ்ணன், வயது 36, சொந்த ஊர் கோயம்புத்தூர். தற்போது ஷார்ஜாவில் குடும்பத்துடன் வசித்துக்கொண்டு, அங்குள்ள தனியார் மருத்துவமனையில் ஒளிச் சிகிச்சைக் கருவியை இயக்கும் பொறியாளராக வேலை செய்கிறேன். மொழிபெயர்ப்பாளர் மீராசா உதவியுடன் விசாரணை அதிகாரி முன் கூறுவதாவது:

துபாயில் உள்ள சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிக் கட்டட வேலை செய்யும் வீரபாண்டி என்பவருக்கு வலது கன்னத்தின் உட்புறம் ஆழத்தில் புற்றுக்கட்டி இருந்தது. வாய் திறக்க முடியாமல் கஞ்சி மட்டுமே குடித்து வந்தார். சதைக்குள் செல்லும் ஒளி, பாலில் அடித்த டார்ச் வெளிச்சம்போல் சிதறிவிடும். எங்கள் கருவி அந்தச் சிதறலை முன்கூட்டியே அளந்து, ஒளியைத் திருத்தி அனுப்பி, கட்டியில் மட்டும் குவியச் செய்யும். அதற்குமுன் நோயாளிக்கு நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றப்படும். ஏற்றியபின் சில வாரங்களுக்கு வெயில் பட்டால் தோல் வெந்துவிடும்.

சம்பவத்தன்று வீரபாண்டி மருந்து ஏற்றப்பட்டு, மறுநாள் சிகிச்சைக்காக இருட்டறையில் இருந்தார். மதியம் அவருடைய கம்பெனி மேற்பார்வையாளர் விஷால் வந்து, சைட்டில் ஆள் இல்லை, பாதி நாள் டூட்டிதான், தொப்பி போட்டுக்கொள்ளட்டும் என்றார். நான் மறுத்தேன். அதன்பின் அவர் வீரபாண்டியின் கையைப் பிடித்து, வெயில் விழும் கண்ணாடி வராந்தாவை நோக்கி இழுத்தார். நான் வீரபாண்டியை உள்ளே இழுத்து, நானும் உள்ளேயே நின்று கதவைப் பூட்டினேன்.

வீரபாண்டி என்னிடம், "மேடம், விசாவ கேன்சல் பண்ணிட்டா என்ன செய்வேன்?" என்றார். அதன்பின் நான் சாவியை அவர் கையில் கொடுத்து, "போகணும்னா நீங்களே திறங்கண்ணா. நான் தடுக்க மாட்டேன்" என்றேன். அவர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அதன்பின் கதவருகே சென்று, "சார், இன்னிக்கு டூட்டி மாஃபி, வரமாட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஆகவே தொழிலாளியை அடைத்து வைத்தேன் என்று விஷால் பின்னர் கொடுத்த புகார் பொய்.

மறுநாள் ஒளிச் சிகிச்சை நடந்தது. கருவியை நானே இயக்கினேன். ஒளி குறித்த இடத்தில் குவிந்தது, கன்னத்தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கட்டி சுருங்கி, தற்போது வீரபாண்டி சப்பாத்தி மென்று சாப்பிடுகிறார்.

மருந்து உடம்பை விட்டு நீங்கும்வரை அவருக்கு வெயில் படாத வேலை தர கம்பெனிக்கு உத்தரவிட வேண்டும். இது புகாருக்குச் சம்பந்தமில்லாதது என்று அதிகாரி கூறினார். இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதிக்கொண்டார்.

தமிழில் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. சம்யுக்தா