குமாரசாமியின் நூற்றெண்பது

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, ஐயா. வெளியே பயமுறுத்தியது போல் இல்லை. இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

குமாரசாமியை நேற்று அழைத்து வந்து உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். அவர் மனைவி வசந்தாமணி போன மாதம் கிணற்றில் விழுந்தாள் அல்லவா, புருஷன் அடித்துத்தான் விழுந்தாள் என்று அவளுடைய அண்ணன் சின்னுசாமி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கூடப் பிறந்தவருக்கு மனசு ஆறாதுதான். ஆனால் குமாரசாமி கை நீட்டுகிற ஆள் இல்லை. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு என்று பார்த்தால் என் பக்கம் கொஞ்சம் இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு அவரைக் கையோடு கூட்டிப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

என் பெயர் தீர்த்தகிரி. நாமக்கல் கடைவீதியில் ரத்தம் பரிசோதிக்கும் இடம் வைத்திருக்கிறேன். டாக்டர் அருணகிரியின் ஆஸ்பத்திரிக்கு அடுத்த கதவு. சர்க்கரை, உப்பு, காமாலை எல்லாம் நானே பார்த்துவிடுவேன். ஆண்களுடைய ஹார்மோன் அளவு மட்டும் இங்கே பார்க்க முடியாது, மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து அனுப்ப வேண்டும். நாமக்கல்லில் இருந்துகொண்டு அதற்கெல்லாம் கவலைப்படலாமா? தினமும் மெட்ராஸுக்கு முட்டை லாரி போகிறது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்கை வைத்துவிட்டால் தீர்ந்தது வேலை. பத்து நாளில் தபாலில் அளவு வரும். அதை என் லெட்டர்பேடில் டைப் அடித்து டாக்டருக்குக் கொடுப்பேன்.

குமாரசாமி என்னிடம் வந்தது எண்பத்து மூன்று தை மாதம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர், உங்களுக்கே தெரியும். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. வசந்தாமணிக்கு எல்லாச் சோதனையும் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. அடுத்து அவரைப் பார்க்க வேண்டும். விந்தைச் சோதிக்கலாம் என்று டாக்டர் வாயைத் திறந்ததும் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் பக்கத்தில் அது நடக்கிற காரியமா? வெளியே தெரிந்தால் பட்டறையில் ஆசாரி மதிப்பானா? ரத்தம் என்றால் சரி என்றார். ரத்தம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை பாருங்கள்.

"ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னால அளவு தெரியோணும். அது தெரியாம ஒரு சொட்டு ஏத்தமாட்டனுங்க" என்றார் டாக்டர். ரொம்பக் கறாரான மனிதர்.

ரத்தம் எடுத்தேன். தெளிந்த நீரில் பாதியை அனுப்பிவிட்டு, வழக்கப்படி மீதிப் பாதியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டேன். முட்டை லாரி ஆத்தூர் தாண்டி ஒரு பாலத்தில் சாய்ந்துவிட்டது. டிரைவருக்கு ஒரு கீறல் இல்லை. முட்டையில் ஒன்று மிஞ்சவில்லை, பிளாஸ்கும் அப்படியே.

இந்தச் சேதி எனக்கு வந்து சேர்ந்ததே பத்தாம் நாள். மீதிப் பாதியை அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அன்றைக்கே டாக்டர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு அனுப்பினார். குமாரசாமியும் வாசலில் வந்து நின்றுவிட்டார். லாரி கவிழ்ந்தது என்று சொன்னால் அடுத்த தடவை என்னிடம் யார் வருவார்கள்? நேரே சேலத்துக்குப் போய்விடுவார்கள்.

அதுவும் போக, எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தேர்ச்சி உண்டு. இந்தத் தொழிலுக்கு வருமுன் எட்டு வருஷம் கோழிப் பண்ணையில் தடுப்பூசி போட்டவன் நான். சேவலின் கொண்டையைப் பார்த்தாலே உள்ளே சுரப்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். காயடித்த சேவலுக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கும். மருந்து ஏற்றினால் சிவந்து நிமிரும். மனிதன் மட்டும் என்ன தனிப் பிறப்பா? குமாரசாமிக்கு அப்போது அரும்பு மீசை, கீச்சுக் குரல். முந்நூறுக்கு மேல் இருந்தால் நல்ல அளவு. நான் அவரை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்துவிட்டு நூற்றெண்பது என்று டைப் அடித்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்து, "நெனச்சேன்" என்றார். அந்த வாரமே ஊசி ஆரம்பம். பதினைந்து நாளுக்கு ஒன்று. போடுகிறவன் நான்தான். என் கையால் போட்டால் வலிக்காது என்று ஊரே சொல்லும்.

இரண்டு ஊசி முடிந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. நம் கணக்கு எவ்வளவு சரி என்று பார்த்துவிடலாமே என்று, ஊசிக்கு முன் எடுத்த அந்த மீதிப் பாதியை அனுப்பிவைத்தேன். இந்தத் தடவை லாரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஐந்நூற்று எண்பது என்று வந்தது. குமாரசாமிக்கு ஊசியே தேவைப்பட்டிருக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. சேவல் விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிசகியதே கிடையாது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மனிதர் உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. மாதம் ஆக ஆகக் குரல் கனத்தது, பட்டறையில் ரம்பச் சத்தத்துக்கு மேலே கேட்டது. மீசை முறுக்குகிற அளவுக்கு வந்தது. "தீர்த்தகிரி, நீங்க சாமி மாதிரிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப்பட்டவரை எதற்குக் கலைக்க வேண்டும்? ரிப்போர்ட்டை மேஜை டிராயரில் போட்டு வைத்தேன்.

மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். ஆறாவது மாதம், வேலை இல்லாத ஒரு மத்தியானம், அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வெளியிலிருந்து ஹார்மோன் போய்க்கொண்டே இருந்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திக்கொள்ளுமாம். விந்தில் உயிரணு குறைந்துகொண்டே போய் இல்லாமலும் ஆகுமாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வருமாம். டாக்டர் இந்தத் தாளையெல்லாம் பிரித்துப் படிக்கிறவர் இல்லை. அன்று முதல் பெட்டியைப் பிரித்ததும் தாளை நானே கிழித்துப் போட்டுவிடுவேன். படிக்கத் தெரிந்த யார் கண்ணிலாவது பட்டால் வீண் குழப்பம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. ஊசி ஒன்றுகூடத் தவறவில்லை. குழந்தை மட்டும் இல்லை. குமாரசாமி ஆம்பளைச் சிங்கமாட்டம் இருக்கிறான், குறை அவளிடம்தான் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, பெண் வீட்டுச் சீரைத் திருப்பிக் கொடுத்து, புருஷன் பெண்டாட்டி உறவைத் தீர்த்துவிட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. நம் ஊரில் அதற்குக் கோர்ட்டா தேவை?

அதற்கு நாலு நாள் முன்பு வசந்தாமணி தனியாக என்னிடம் வந்தாள். சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பாள் போல, கையில் வெறும் பை இருந்தது.

"ஏனுங்கண்ணா, அவருக்கு இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க. கொறை இன்னும் அவருகிட்டயுங் கொஞ்சம் இருக்குதுன்னு காயிதத்துல வந்துட்டா என்னையத் தீத்துட மாட்டாங்க. அவரு ஊட்ட உட்டா எனக்குப் போக்கிடம் இல்லீங்க."

அழவெல்லாம் இல்லை. நல்ல பெண். எனக்கு அவள்மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அந்த ஐந்நூற்று எண்பதைக் காட்டி, குறை ஊசியால் வந்தது என்று சொன்னால் போதும்; அவளுக்கு வேண்டியது எல்லாம் என் டிராயரில் இருந்தது. திறந்தேன்கூட. பேனா அதில்தான் இருந்தது.

எடுத்து, போன ஊசியன்று எடுத்த ரத்தத்தின் அளவு என்று சொல்லி, லெட்டர்பேடில் எழுநூறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குறைவாக எழுதினால் டாக்டர் மறுபடி மெட்ராஸுக்கு அனுப்பச் சொல்வார். பழைய கதையெல்லாம் கிளம்பும்.

"உங்கூட்டுக்காரருக்கு இப்ப ஒரு கொறையுமில்லீங்க, அம்மணி" என்றேன்.

"அப்ப எங்கிட்டத்தானுங்களா?"

"அதையச் சொல்ல நான் டாக்டர் இல்லீங்களே" என்றேன். பொய் இல்லை, நான் டாக்டர் இல்லைதானே.

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவளே கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடியபோது அந்தத் தாளைத்தான் நடுவில் வைத்தார்களாம். திங்கட்கிழமை காலையில் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஆக, அவர் அடிக்கவில்லை. நூற்றெண்பது நான் எழுதியது, எழுநூறும் நான் எழுதியது. அவருக்குக் குழந்தை பிறக்காமல் இருந்ததும் என் ஊசியால்தான், தெரிந்தேதான் போட்டேன். வசந்தாமணி போனதற்கு நான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஒரே ஒரு உதவி வேண்டும், ஐயா. ஆவணியில் குமாரசாமிக்கு மறு கல்யாணம். பெண் பெருமாயிக்குப் பத்தொன்பது வயசு. இன்றைக்கு அவருக்கு ஊசி நாள். மருந்து இந்தப் பையில் இருக்கிறது, சிரிஞ்சும் கொதிக்க வைத்து எடுத்து வந்திருக்கிறேன். அவரை வெளியே விட முடியாது என்றால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே போட்டுவிடுவேன். அவரும் அந்தப் பெண்ணும் குழந்தை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், நாள் தவறக் கூடாது பாருங்கள்.