தூங்கினால் இளைக்குமாம்

ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசை அரை மணி நேரமாக நகரவில்லை. எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி, பக்கத்திலிருந்த வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவிடம் சொன்னாள்.

"தூங்குனா ஒடம்பு எளைக்குமாம்க்கா."

"தூங்குனா ஊதும்டி. யாரு சொன்னது?"

"டாக்டருதான், நேத்து எங்க வூட்டுக்காரரு கிட்ட. மில்லுல நைட் ஷிப்டு. ஒரே வருஷத்துல தொப்பை வுழுந்துடுச்சு. தூக்கம் பத்தலன்னா பசி அதிகமாவுமாம்."

"அது நெசந்தான். கடலுக்குப் போன போட்டு கரைக்கு வர்ற வரைக்கும் முழிச்சிக் கெடந்தா எனக்கும் எட்டு இட்லி கேக்கும். ஆனா ஒம் புருசன் பகல்ல தூங்குவாரில்ல?"

"காலைல வந்ததும் படுத்துடுவாரு. இட்லி ஆறிடுமேன்னு எட்டு மணிக்கு எழுப்புவேன். மத்தியானம் சோறு சூடா இருக்கசொல்ல எழுப்புவேன். நாலு மணிக்கு டீக்கு எழுப்புவேன்."

"எழுப்பாமதான் வுட்டா என்னா?"

"வெறும் வயித்தோட தூங்க வுட்டா, அவங்க அம்மா என்னைச் சும்மா வுடுவாங்களா?"

மீன்காரம்மா காலிக்கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அப்போ டாக்டரு அவருக்குச் சொல்லலடி. ஒனக்குத்தான் சொல்லியிருக்காரு."

வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் நகரவில்லை.

"இப்பகூட எழுப்பிச் சோறு போட்டுட்டுத்தான் வந்தேன்க்கா," என்றாள். "தின்னும்போதே தலை தட்டுல சாஞ்சிச்சு. கொழம்பு புடிக்கல போலன்னு, ரெண்டு முட்டையைப் பொரிச்சுப் போட்டேன்."