திரும்பப் போட்ட கோல்

இல்ல தம்பி, நீங்க யாரு எவருன்னு நான் கேக்கல. ஜிப்ப கொஞ்சம் மேல ஏத்துங்கன்னுதான் சொன்னேன். கழுத்துகிட்ட மஞ்சள் எட்டிப் பாக்குது. சட்டுன்னு இழுக்காதீங்க, குளுருக்கு ஏத்துற மாதிரி மெதுவா. ஆங், கைய ஒருதடவ தேச்சுக்கங்க. அவ்வளவுதான். இப்ப பந்தப் பாருங்க. என்னப் பாக்காதீங்க.

இந்த ஸ்டாண்டு முழுக்க நீலம். உங்க ஆளுங்க அதோ எதிர்ப்பக்கம், வலைக்குப் பின்னாடி, சுத்தி போலீஸ். அங்க டிக்கெட் கிடைக்கலன்னா பேசாம வீட்ல உக்காந்து டிவில பாத்திருக்கலாம்ல. சரி சரி, தெரியும். டிவில பாக்கிறதும் நேர்ல பாக்கிறதும் ஒண்ணா? பொண்ணு போட்டோவப் பாத்துட்டு கல்யாணம் முடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி ஆயிரும். எங்க வீட்லயும் இந்தப் பைத்தியம் இருந்துச்சு தம்பி, அதனாலதான் சொல்றேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? காலர வெச்சு இல்ல, அது அப்புறந்தான் கண்ணுல பட்டுது. கடிகாரத்தப் பாத்தீங்கள்ல. ஒண்ணுக்கு ஜீரோ, உங்க ஆளுங்க முன்னால. இங்கயும் எல்லாரும்தான் மணி பாக்கிறோம். நாங்க பாத்துட்டு வைவோம். நீங்க பாத்துட்டு மூச்ச வெளிய விட்டீங்க. அப்பாடான்னு. அதுக்கு முன்னாடி கோல் விழுந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். சுத்தி அத்தன பேரும் தலையில கை வெச்சு நிக்கிறாங்க, நீங்க மட்டும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில குடுத்து அது மேல உக்காந்திருந்தீங்க. கை தானா மேல போயிரும்னு பயம், என்ன? நல்ல யோசனைதான். ஆனா பாக்கிறவனுக்குத் தெரியும்ல.

திரும்பாதீங்க. பின்னாடி ரெண்டு வரிசை தள்ளி ஒரு இருமல் சத்தம் வருதே, அவன் வெல்டரு. புகை தின்ன நெஞ்சு. அவன் பக்கத்துல பெரிய உடம்பா ஒருத்தர் இருப்பாரு, கறிக்கடைக்காரர். சிரிச்ச முகம். கொழந்தைங்கன்னா உயிரு அவருக்கு. பாத்துட்டாங்களான்னா கேக்குறீங்க? தம்பி, அவங்க ரெண்டு பேரும் பந்தப் பாத்து ரொம்ப நேரமாச்சு.

இப்ப எந்திரிச்சுப் போகவா? போகலாம். யாரு பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கா? ஆனா ஆட்டம் இந்த நெலமையில இருக்கும்போது எந்திரிச்சுப் போறவன இந்த ஸ்டாண்டே பாக்கும். கீழ எறங்குற படி ஒடுக்கம். பாதியில ஒரு திருப்பம், அந்த எடத்துல விளக்கு எரியறதில்ல. மாத்துவாங்க, மறுபடி உடையும். யாரு உடைக்கிறான்னு கிளப்புக்காரங்களும் கேக்கறதில்ல. உக்காருங்க. பேசிட்டிருப்போம். ரெண்டு பேரு பேசிட்டிருந்தா தெரிஞ்சவங்கன்னு நெனச்சுக்குவாங்க. தலைய மட்டும் அப்பப்ப ஆட்டுங்க போதும்.

நானா? ஆஸ்பத்திரி சலவையில இருக்கேன். ராத்திரி ஷிஃப்டு. விரிப்பு, தலையணை உறை, பெரிய பெரிய டாக்டருங்க கோட்டு, எல்லாம் மூட்டை மூட்டையா மாடியிலேருந்து சரிவுக் குழாயில உருண்டு வந்து எங்க காலடியிலதான் விழும். மெஷின் தொவைக்கும், நாங்க மடிப்போம். மடிக்கிற மேசைக்கு எதிர்ல ஒரு ரேடியோ. பேச்சுத் துணைன்னா அதுதான். அதான் பகல்ல ஒரு ஆளு கிடைச்சா இப்படிப் பிடிச்சுக்கிறேன். கோச்சுக்காதீங்க.

எங்க வீட்ல பைத்தியம்னு சொன்னேனே, அது என் கூடப்பொறந்தவன். சின்னவன். எனக்கும் அவனுக்கும் நடுவுல ரெண்டு கொழந்தைங்க போயிருச்சு, அதனால வயசு வித்தியாசம் ஜாஸ்தி, அண்ணன் தம்பின்னு இல்லாம அப்பன் புள்ள மாதிரிதான். லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றேன், ஆனா வாழ்க்கையில மட்டும் அதே மாடியிலதான் நிக்கிறேம்பான். வாய் ஓயாது. பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிறதுல பாதி அந்த வாயாலதான். வெளியூர் மேட்ச்னு வந்துட்டா அவனுக்கு அது கல்யாண வீடு. மொத நாளே சட்டைய இஸ்திரி போட்டு நாற்காலி முதுகுல மாட்டி வெச்சுட்டு, அதப் பாத்துக்கிட்டே சாப்பிடுவான்.

போன சீசன்ல உங்க ஊருக்கு வந்தோம். நானும் அவனும், பஸ் நெறைய ஆளுங்களும். வெடிஞ்சும் வெடியாமலும் பொறப்பட்டாச்சு. அவன் பொண்டாட்டி மத்தியானத்துக்குன்னு கட்டிக் குடுத்த சாப்பாட்ட ஊரு தாண்டறதுக்குள்ள தின்னு முடிச்சுட்டு, என் பொட்டலத்தப் பாக்குறான். வழியெல்லாம் பாட்டு. டிரைவருக்கு நாலு பட்டப்பேரு வெச்சான், அதுல ஒண்ணுக்கு அந்த மனுசனே சிரிச்சுட்டாரு. உங்க ஸ்டேடியம் பெருசு தம்பி, பொய் சொல்லக்கூடாது. கக்கூசுகூடச் சுத்தமா இருந்துச்சு. கடேசி நேரத்துல எங்க ஆளு தலையால முட்டி ஒண்ணு போட்டான் பாருங்க, சின்னவன் குதிச்ச குதியில என் ஒரு பக்கத்துச் செருப்பு எங்க போச்சுன்னே தெரியல. ஒத்தக் காலு செருப்போடதான் பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் தூக்கிக்கிட்டு வரவான்னு கேட்டான். நெசமாவே குனிஞ்சான்.

ஆமா, அந்த மேட்ச்தான். நீங்க இருந்தீங்களா? ம்.

பஸ்ஸு கெளம்ப நேரமாச்சு. போலீஸு வழி விடல. டீ குடிச்சுட்டு வர்றேன்னு எறங்கினான். உங்கள மாதிரிதான், மேல ஒரு ஜாக்கெட், கழுத்து வரைக்கும் ஜிப்பு. வெவரமானவன் தம்பி, நீலத்த வெளிய காட்டல. ஸ்டேடியத்துக்குப் பின்னாடி சுரங்கப்பாதை இருக்குல்ல, அதுக்கு முன்னாடி ஒரு டீக்கடை. உங்க ஆளுங்க நெறைய நின்னுருக்காங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. இவனும் ஒரு ஓரமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு கிளாஸப் பிடிச்சுட்டு நின்னுருக்கான். நடிப்புக்கு என்ன பஞ்சம் அவன்கிட்ட. கடையில டிவி ஓடுது. அந்தக் கோலத் திரும்பப் போட்டாங்க.

அதேதான். பாத்த கோலு. அரை மணி நேரத்துக்கு முன்னாடி செருப்பு போற அளவுக்குக் குதிச்ச கோலு. முட்டப் போறான், உள்ள போகப் போகுதுன்னு தெரியும்ல. ஆனா உடம்புக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. பந்து உள்ள போச்சு, கை ரெண்டும் மேல போயிருச்சு. கடைக்காரர் போலீஸ்ல சொன்னாரு, டீ அவன் தலையிலயே கொட்டுச்சாம், அதுக்கு அவனே சிரிச்சானாம். அப்புறம் யாரும் சிரிக்கலையாம்.

சுரங்கப்பாதைப் படியிலதான் கெடந்தான். மண்டை ஒடஞ்சு. உங்க ஊரு ஆஸ்பத்திரியில நாலு வாரம் வெச்சிருந்தாங்க. குறை சொல்லமாட்டேன், நல்லாப் பாத்தாங்க. வராந்தாவுல உக்காந்து எனக்கு ஒரே நெனப்பு. இவன் விரிப்ப எவனோ ஒருத்தன் ராத்திரி மடிச்சிட்டிருப்பான், அவனுக்கு இது யாருன்னு தெரியாதுன்னு. கிறுக்குத்தனமா இல்ல?

இருக்கான், இருக்கான். உசுரோடதான் இருக்கான். உக்கார வெச்சா உக்காருவான். அவன் பொண்டாட்டிதான் ஸ்பூன்ல ஊட்டுறா. பின்னாடி இருமுறானே வெல்டரு, அவனோட அக்கா. ஆமா, சின்னவனுக்கு மச்சினன் அவன். டிவில மேட்ச் போட்டு முன்னாடி உக்கார வெச்சோம். அவன் சுவத்தப் பாக்கிறான். கோல் விழுந்துச்சு, நாங்க எல்லாரும் டிவியப் பாக்கல, அவன் கையத்தான் பாத்தோம்.

கிடக்குது அப்படியே.

அடிச்சது யாருன்னு தெரியல. கேமரா இல்ல, சாட்சி இல்ல. டீக்கடைக்காரருக்கும் எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சியாத் தெரிஞ்சுதாம். மஞ்சள்னு மட்டும் தெரியும்.

இதோ, பாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதா? உங்க ஆளுங்கதான். தூங்கு கண்ணா தூங்கு, படிக்கட்டுல தூங்கு. தாலாட்டு மெட்டு. நல்லாப் போட்டிருக்காங்க, அந்த மெட்ட மறக்கவே முடியாது. ஆமா தம்பி, அவனப் பத்தித்தான். பின்ன வேற யாரப் பத்தி? பாருங்க, நம்ம ஸ்டாண்டு எப்படி அமைதியாயிருச்சுன்னு. மத்த எல்லாத்துக்கும் இவங்க திருப்பிப் பாடுவாங்க, அம்மா அக்கான்னு இழுப்பாங்க. இதுக்கு மட்டும் பாடறதில்ல. கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

உங்க கால் ஆடுச்சு.

இல்ல தம்பி, நான் பாத்தேன். வலது கால். தாளத்துக்குச் சரியா. நீங்க ஆட்டல, அதுவா ஆடுச்சு. பாடிப் பழகின காலு. அப்புறம் இடது கால எடுத்து அது மேல வெச்சு அமுக்கினீங்க. நல்லா அழுத்தி. அது ஏன்? நான் கோவத்துல கேக்கல. பயத்துலயா, இல்ல வெக்கத்துலயா?

யோசிச்சே சொல்லுங்க.

ரெண்டுமா. ம். சரி. வெறும் வெக்கம்னு சொல்லிருந்தீங்கன்னா நான் நம்பிருக்கமாட்டேன்.

விசில் அடிச்சாச்சு. எந்திரிக்காதீங்க. தோத்தாச்சு, பரவாயில்ல, தோக்கிறது எங்களுக்குப் புதுசா. எல்லாரும் எறங்கட்டும். முட்டியப் பிடிச்சுக்கங்க, வலிக்கிற மாதிரி. தோள்ல கை போடுறேன், நெளியாதீங்க.

என்னடா, இருமிக்கிட்டே வந்து நிக்கிற? நீ போ, நான் வர்றேன். முட்டி பிடிச்சுக்கிச்சு. இவரா? என்கூடப் பேசிட்டிருக்காரு. தெரியும்டா, எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் சொல்றேன்ல, போ. கறிக்கடைக்காரரையும் கூட்டிட்டுப் போ.

போகமாட்டான். அந்தக் கம்பிகிட்டயே நிப்பான். நிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல குப்பை அள்ற பொம்பளைங்க வருவாங்க, அவங்களுக்குப் பின்னாடியே போலீஸு வந்து வரிசை வரிசையாப் பாத்துட்டுப் போகும். அது வரைக்கும் உக்காந்திருப்போம். அவங்களோடவே எறங்கிருங்க. திருப்பத்துல நிக்காதீங்க.

அட, எனக்கு எதுக்கு நன்றி? வேணாம் தம்பி, அதச் சொல்லாதீங்க. நீங்க உக்காந்திருக்கிற சீட்டு சின்னவனோடது. வருஷ சீட்டு, இன்னும் அவன் பேர்லதான் இருக்கு. இத்தன நாள் காலியாத்தான் விட்டு வெச்சிருந்தோம். இந்த மேட்சுக்கு நான்தான் விக்கிறதுக்குன்னு ஆன்லைன்ல போட்டேன். நெறையப் பேரு கேட்டாங்க. எந்தப் பக்கத்து ஸ்டாண்டுன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. இந்த ஊர்க்காரன் எவனும் அதக் கேக்கமாட்டான்.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. நான் எந்திரிச்சாத்தான் அவங்க ரெண்டு பேரும் தொடங்கணும்னு பேச்சு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.