சக்கரம் மேடம் நூல் வெட்டிய ஐந்து நாள்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத் தோழர்களே, பேராசிரியரின் கணவர் அவர்களே, மகளே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவிகளே, பாதி வேலையில் அனுமதி கேட்டு வந்திருக்கும் தையற்கூடத் தோழியரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

உட்கார்ந்தே பேசுங்கள் என்றார்கள். முடியவில்லை. நான்கு நாளாக எங்கும் என்னால் உட்கார முடியவில்லை.

நம் மகளிரியல் துறையின் களப்பயிற்சியைப் பதினாறு ஆண்டுகள் சுமந்த பேராசிரியர், சென்ற செவ்வாயன்று, மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியைப் பார்த்துவிட்டு, காப்பகத்தில் இருந்த இன்னொருத்தியைப் பார்க்கப் போகும் வழியில், பேருந்து இருக்கையிலேயே சாய்ந்தவர், பிறகு எழவில்லை. மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் சக்கரம் மேடம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் வேறெப்படிப் போவார்? டீயை ஆற்றி வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம், முப்பது வருடமும் இதே கதைதான் என்று அவர் கணவர் நேற்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் நான் நல்லவள் இல்லை. அதனால் நானேதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவியைத் தையற்கூடத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினோம். மூன்றாம் வாரம் அவள் தன் குறிப்பேட்டில் எழுதினாள்: இங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? அறுபது பெண்களுக்கு, கழிப்பறை போக இரண்டே இரண்டு அனுமதி அட்டை. அது கைக்கு வருவதற்குள் மதியமாகிவிடும். குடித்தால்தானே போக வேண்டும்? தாகத்தை அடக்கப் பழகிவிட்டார்கள்.

மாணவி நேரே மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டாள். மறுநாள் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

துறைக் கூட்டத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? மன்னிப்புக் கடிதம் எழுதுவோம் என்றேன். இந்த வம்பே வேண்டாம், களப்பயிற்சியை எடுத்துவிட்டு நூலகக் கட்டுரை வைத்துக்கொள்வோம் என்றேன். பெண்களின் உழைப்பைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டு பாடம் நடத்தியவள் நான். ஒரு தையற்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை.

பேராசிரியர் அங்கேயே விடுப்பு எழுதிக் கொடுத்தார். மேலாளரிடம் போய், என் மாணவி சொன்னது பொய்யென்றால் நானே அப்படி எழுதித் தருகிறேன், ஐந்து நாள் என்னை வேலைக்கு விடுங்கள் என்றார். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஐந்து மணி நேரம் தாங்க மாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, மேலாளரும் சம்மதித்தார்.

தைத்து முடித்த உடுப்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் மேசையில் நின்றார் நம் பேராசிரியர். கத்தரி பிடிபடவில்லை. பக்கத்து மேசைப் பெண், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அட்டை வரவே இல்லை. இரண்டரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த பேராசிரியர், கத்தரியை வைத்துவிட்டு நடந்தார். கண்காணிப்பாளர் குறுக்கே வந்து அட்டையைக் கேட்டார்.

"அவசரம் எனக்குத்தான் தம்பி, அட்டைக்கு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணும் கத்தரியை வைத்துவிட்டுப் பின்னால் போனார். வேலை போனால் அவருக்கு எந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது? ஆனாலும் போனார். அவர் பின்னால் இன்னொருவர். கழிப்பறை வாசலில் பதினொரு பெண்கள் நின்றார்கள்.

அடுத்த மாதம் அட்டை ஒழிந்தது. அந்தப் பெண்கள் கேட்ட கூடுதல் கழிப்பறைகள் இன்னும் வரவில்லை. மாணவியை அங்கே மறுபடி சேர்க்கவும் இல்லை. அவள் வேறிடத்தில் பயிற்சியை முடித்தாள்.

திரும்பி வந்த பேராசிரியர் என் அறைக்கு வந்தார். குத்திக் காட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நீயும் தப்பு, நானும் தப்பு. அந்தப் பொண்ண தனியா போய்க் கேக்க விட்டுட்டோம். நாம கூட இருந்திருக்கணும்."

துணைவேந்தர் அவர்களே, அந்தக் கூட்டத்துக்குப் பின் நாங்கள் அனுப்பிய, களப்பயிற்சியை நிறுத்தக் கோரும் கோப்பு இன்னும் உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது. இந்த அவையின் முன் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

நாளைக் காலை ஏழு மாணவிகள் புதிய இடங்களுக்குப் போகிறார்கள். அவர்களோடு நான் போவேன். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. எதைக் கேட்பது என்றும் தெரியாது. கேட்கிறவள் தனியாக நிற்க மாட்டாள், அதற்கு மட்டும் நான் பொறுப்பு.