பருத்தி முதலாளிக்குப் பக்கத்தில் கோசலை அக்கா

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் இராஜேந்திரன் அண்ணை அவர்களே! ஆண்டுகளால் உயர்ந்த பெரியோர்களே! செவ்ரானிலிருந்து ரயிலேறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பிரெஞ்சில் பேசினாலும் தமிழுக்குக் கைதட்டும் இளையவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று நம் ஓவியர் சாம்பவிக்குப் பாராட்டு. எதற்குப் பாராட்டு? சொல்கிறேன்.

இந்தப் பாரிஸின் அருங்காட்சியகம் ஒன்றில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று தொங்குகிறது. இங்கிலாந்தில் பஞ்சாலைகள் கட்டிப் பணம் குவித்த ஒரு முதலாளியின் படம். பட்டு மேலங்கி, பருத்த வயிறு, பக்கத்திலே பஞ்சுநூல் கண்டுகள், பார்வையிலே பெருமிதம்! நூல் இருக்கிறது, நூற்றவர்கள் எங்கே? துணி இருக்கிறது, தைத்த கைகள் எங்கே?

அந்தப் படத்துக்குப் பதில் சொல்வதுபோல, அதன் பக்கத்தில் மாட்ட இன்றைய ஓவியம் ஒன்றைத் தீட்டித் தரும்படி அருங்காட்சியகத்தார் சாம்பவியை அழைத்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது யாரை? லா கூர்னெவ் தையற்கூடத்தில் உழைக்கும் தன் தாயை, நம் கோசலை அக்காவை!

"வேலை உடுப்போடையே இருங்கோம்மா, கீறுறன்" என்றாள் மகள்.

"ஏன் பிள்ளை? அந்த முதலாளி மனுசன் தன்ரை நல்ல உடுப்போடைதானே இருக்கிறார்? நான் கூறைச்சேலை உடுத்துக்கொண்டுதான் இருப்பன்!"

சிரிக்கிறீர்கள். சாம்பவியும் சிரித்தாள். பிறகு யோசித்தாள். கூறைச்சேலையிலேயே தீட்டினாள்.

அருங்காட்சியகத்தின் தேர்வுக் குழு முகம் சுளித்தது. "தையல் மெஷின் இல்லை, கசங்கிய உடுப்பில்லை. இவர் தொழிலாளி என்று யாருக்குத் தெரியும்? மாற்றுங்கள். இல்லையென்றால் படம் வேண்டாம்."

அவளுக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு அது. கைநழுவினால் மறுபடி யார் அழைப்பார்கள்? ஆனாலும் கேட்டாள்: "உங்கள் முதலாளியின் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? அவர் விரும்பியபடி அவர் இருக்கிறார். என் அம்மா விரும்பியபடி அவ இருப்பா!"

படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பொறுங்கள் தம்பி, கைதட்டக் காலம் இருக்கிறது! வாரங்கள் கழிந்தன. தொலைபேசி மணி அடித்தது. அவள் கேட்டது நியாயம் என்று கண்டு குழு இறங்கி வந்தது. "படத்தை அப்படியே கொண்டு வாருங்கள்" என்றது!

கடந்த சனிக்கிழமை நானும் போனேன். முதலாளிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே மிடுக்கில், செக்கச் சிவந்த கூறையில் கோசலை அக்கா! படத்தை நெடுநேரம் பார்த்த ஒரு பிரெஞ்சு மாது, அருகில் நின்ற அக்காவிடமே கேட்டார்: "யார் இந்தப் பெருமாட்டி?"

பிரெஞ்சு பேசக் கூசிக் கடையில்கூட மகளைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கும் அக்கா, அன்று மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நெஞ்சு நிமிர்த்திப் பிரெஞ்சிலேயே சொன்னார்:

"நான்தான், மதாம்!"

ஓம், இப்போது தட்டுங்கள்! மண்டபம் அதிரத் தட்டுங்கள்! செவிகொடுத்த சபைக்கு நன்றி. பெற்றவருக்கும் பெண்ணுக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம்!